இடும்பன் நிற்கும் படி

ஓம் சரவணபவ!



பழனி மலை ஏறுறவங்க பாதி வழியில இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேலே போவாங்க. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைத் தோள்ல தூக்கிட்டு வந்தவர் அவர். பழனியில இறக்கி வெச்சார். மறுபடி தூக்கப் பார்த்தா அசையலை. பலத்தைக் காட்டினார், கோபப்பட்டார், மலைமேல நின்ன சிறுவனோட சண்டை போட்டார். விழுந்தார். மனைவி இடும்பி அழுது வேண்டினதும், முருகன் உயிர் கொடுத்து அவரை அங்கேயே காவலா நிறுத்தினார்.

குடியில மாட்டிக்கிட்டவங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

எங்க பாதயாத்திரை குழுவுல ஒரு அண்ணன். பேர் வேண்டாம், எழுதச் சொன்னதே அவர்தான். மாலை போட்டா 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டார். பஜனைக்கு முதல் ஆள். மாலை கழட்டின வாரமே டாஸ்மாக் வரிசையில நிப்பார். "பக்தி பத்தலை"ன்னு தெருவே சொல்லும்.

எனக்கு அப்படித் தோணலை. அந்த 48 நாளும் காலையில விசாரிக்க குருசாமி இருக்கார். சாயங்காலம் பஜனை இருக்கு. கூட நடக்கப் பத்துப் பேர் இருக்காங்க. மாலை கழட்டினதும் கூட்டம் கலைஞ்சிடுது. முருகன் எங்கேயும் போகலை. ஆனா அவர் அனுப்பின ஆட்கள் வீட்டுக்குப் போயிட்டாங்க.

அந்தக் கூட்டம் வருஷம் முழுக்க நடக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ. 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன் ஊர்ல ஆரம்பிச்சது. பில் வில்சன்னு ஒரு பங்குத் தரகர், குடியை விட்டுச் சில மாசம்தான் ஆகியிருந்தது. போன தொழில் தோத்துப்போச்சு. ஹோட்டல்ல தனியா இருக்கார், பக்கத்துலயே பார். அவர் தேடினது தன்னை மாதிரி இன்னொரு குடிநோயாளியை. அப்படிக் கிடைச்சவர் பாப் ஸ்மித்ங்கிற அறுவை சிகிச்சை டாக்டர். ஒருத்தரோட ஒருத்தர் பேசியே ரெண்டு பேரும் மீண்டாங்க. இந்தியாவுக்கு அது 1957-ல வந்தது. சென்னையில தமிழ்லயே கூட்டங்கள் நடக்குது.

வெளியாட்களும் உட்காரக்கூடிய ஓப்பன் மீட்டிங் ஒண்ணுக்கு அண்ணன்கூட நானும் போனேன். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன். நடைமுறை மட்டும் சொல்றேன். கட்டணம் இல்லை, விரும்பினவங்க கொஞ்சம் காசு போடலாம். குடியை நிறுத்தணும்ங்கிற ஆசை மட்டும்தான் தகுதி. யாரும் அறிவுரை சொல்றதில்லை. தன் கதையைத்தான் சொல்றாங்க. வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கறதில்லை. இன்னைக்கு ஒரு நாள், அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல தினம் ஸ்டாண்ட்-அப்ல "எங்க மாட்டிக்கிட்டே?"ன்னு கேட்கிற மாதிரிதான் எனக்குப் பட்டது. ஆனா இங்க மாட்டியிருக்கிறது உயிர்.

"சர்ச் ஹால்ல நடக்குதே, மதம் மாத்திடுவாங்களா?"ன்னு அண்ணி பயந்தாங்க. நியாயமான பயம். ஆனா ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. இடம் கிடைக்கிற எங்கேயும் கூட்டம் நடக்கும். அவங்க பன்னிரண்டு படிகள்ல கடவுள்னா அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள். அண்ணனுக்கு அது முருகன்தான். முதல் படி என்ன தெரியுமா? இது என் பலத்துக்கு மீறினதுன்னு ஒத்துக்கறது. இடும்பன் மலையடியில கத்துக்கிட்டதும் அதேதான்.

மூணு மாசத்துல அண்ணன் ஒரு தடவை சறுக்கினார். திரும்பப் போக வெட்கம். போனப்போ யாரும் ஏன்னு கேட்கலையாம். ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு "வந்தது நல்லது"ன்னாராம். விழுந்து எழுந்தவர்தான் படியில நின்னு அடுத்தவரை மேலே அனுப்பறார்.

இடும்பிகளுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தாருக்கு அல்-அனான்னு தனிக் கூட்டம் இருக்கு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகர்ல இருக்கு; அங்க குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை.

ரெண்டு விஷயம் மறக்காதீங்க. பல வருஷமா தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலை போட்ட அன்னைக்கே சட்டுன்னு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதல்ல டாக்டரைப் பாருங்க. அவருக்குத் தெரியாம சாம்பார்ல மாத்திரை கலக்கறதும் வேண்டாம். அதுக்கு மேல குடிச்சா இதயமே பாதிக்கலாம். வழி தெரியலைன்னா மத்திய அரசோட இலவச உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்க.

மாலை கழட்டப்போற அடியார் உங்க குழுவுல இருந்தா, அன்னைக்குச் சாயங்காலம் அவரைத் தனியா விடாதீங்க. முதல் கூட்டத்துக்குக் கூடவே போங்க. வாசல் வரைக்கும் போனாலும் அதுவும் பாதயாத்திரைதான்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!