விற்ற பொருளும் விடாத உரிமையும்

விலைகொடுத்து ஒரு பொருளை வாங்குதல் மனித சமுதாயத்தின் மிகப் பழைய செயல்களுள் ஒன்றாகும். விற்பவன் கை பொருளை விடுகின்றது. வாங்குபவன் கை அதனைப் பற்றுகின்றது. இவ்விரண்டும் நிகழ்ந்தாலன்றி விற்பனை நிறைவெய்துவதில்லை. நிலம், நெல், கால்நடை என்பன கைமாறும்போது இதில் எவ்வித ஐயமும் எழுவதில்லை. ஆயின் இசை கைமாறும்போது நிலைமை வேறாகின்றது. பாடகன் பாட்டை விற்ற பின்னரும் பாட்டு அவனிடமே இருக்கின்றது, வாங்கியவனிடமும் இருக்கின்றது. எனவே, வாங்கியவன் உண்மையில் பெற்றுக்கொண்டது யாது? வட்டா, வட்டிலுள்ள பாட்டா, அன்றிப் பாட்டைக் கேட்பதற்கான அனுமதி மாத்திரமா? இவ்வினா சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரியதன்று. உடைமை, நேர்மை, நம்பிக்கை ஆகிய ஒழுக்கவியற் கருத்துகள் மூன்றும் இங்கு சந்திக்கின்றன.

ஜெர்மானிய மெய்யியலாளரான இம்மானுவேல் கான்ற் 1785ஆம் ஆண்டில் நூல்களை அனுமதியின்றி மறுபதிப்புச் செய்தல் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நூல் என்பது இரு தன்மைகளை உடையது என்பது அவரது கருத்தின் சாரமாகும். ஒருபுறம் அது தாளும் மையும் சேர்ந்த ஒரு பொருள். வாங்கியவனுக்கே அது முற்றாக உரியது. மறுபுறம் அது ஆசிரியன் மக்களை நோக்கி நிகழ்த்தும் பேச்சு. அப்பேச்சுக்கு உரியவன் ஆசிரியனே. ஆசிரியனின் ஆணையின்றி மறுபதிப்புச் செய்பவன் ஆசிரியனின் பெயரால் மக்களிடம் பேசும் குற்றத்தைப் புரிகின்றான். இவ்வாதம் எத்திசையில் செல்கின்றது என்பது கருத்தூன்றி நோக்கத்தக்கது. பொதுமக்களிடையே நூலைப் பரப்புபவனையே அது குறை கூறுகின்றது. வாங்கிய நூலை வாங்கியவன் தன் வீட்டில் எவ்வாறு பயன்படுத்த வேண்டுமென்று கட்டளையிடும் அதிகாரத்தை அது எவருக்கும் வழங்கவில்லை.

இதே வேறுபாட்டை நீதிமன்றமொன்று தன் வழியிற் கண்டறிந்தமைக்கு 1908ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று சான்றாகும். பொப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தான் வெளியிட்ட நாவல் ஒன்றில், அதனை ஒரு டொலருக்குக் குறைத்து விற்றல் பதிப்புரிமையை மீறுவதாகும் என்ற அறிவித்தலை அச்சிட்டிருந்தது. நியூயோர்க் நகரின் மேசி அங்காடி அந்நூலை 89 சதத்திற்கு விற்றது. பதிப்பகம் வழக்குத் தொடர்ந்தது, தோல்வியுற்றது. முதல் விற்பனையோடு குறித்த பிரதியின் மீதான பதிப்பாளரின் பிடி தளர்ந்துவிடுகின்றது என்பதே தீர்ப்பின் அடிப்படையாகும். படைப்பைப் பெருக்கி விற்கும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும். விற்ற பிரதியோ வாங்கியவனுடையது. பழைய நூற்கடைகளும் பழைய இசைத்தட்டுக் கடைகளும் அந்நாட்டில் தடையின்றி இயங்கியமைக்கு இக்கோட்பாடே காரணமாகும்.

பதிவுக் கருவிகள் வீடுகளுக்குள் நுழைந்தபோது இவ்வெல்லை மீண்டும் சோதனைக்குள்ளானது. சொனி நிறுவனம் 1975இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பீற்றாமக்ஸ் என்னும் வீடியோப் பதிவுக் கருவிக்கெதிராக யுனிவர்சல், டிஸ்னி ஆகிய திரைப்பட நிறுவனங்கள் 1976இல் வழக்குத் தொடர்ந்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்துவைத்துப் பின்னர் பார்ப்பது நியாயமான பயன்பாடே என 1984இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதியரசர்கள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்ற தீர்ப்பு அது. பாவனையாளரின் வீட்டுச் சுதந்திரத்திற்காக அன்று நீதிமன்றத்தில் நின்ற நிறுவனம் சொனி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1988இல் அந்நிறுவனம் சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனத்தை வாங்கி, தானே இசையின் உடைமையாளனாயிற்று. கருவி விற்பவன் இசை விற்பவனாகவும் மாறியபோது அவனது நலன் மாறியது. நலன் மாறியபோது நியாயம் பற்றிய அவனது பார்வையும் மாறியது. உடைமை நிலை கருத்தினை நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1982இல் சந்தைக்கு வந்த இசை இறுவட்டில் பிரதியெடுத்தலைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. வீட்டுக் கணினியில் பாட்டைப் பிரதி செய்யலாம் என்பதை அதனை வடிவமைத்தோர் எதிர்பார்க்கவில்லை. 1999இல் நப்ஸ்ரர் தோன்றியதும், முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோர் தமக்குள் பாடல்களை இலவசமாகப் பரிமாறத் தொடங்கினர். அவ்வாண்டில் ஏறத்தாழ 1,460 கோடி டொலராகவிருந்த அமெரிக்க இசைப்பதிவு வருமானம் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இவ்வீழ்ச்சி முழுவதற்கும் இலவசப் பரிமாற்றமே காரணம் என்பது விவாதத்திற்குரியதாயினும், படைப்பாளிகளின் கவலை போலியானதன்று. பாடகன், இசையமைப்பாளன், வாத்தியக்காரன் ஆகியோரின் உழைப்பை ஊதியமின்றி நுகர்தல் அறமாகாது. கலைஞனைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டே அவனுக்குரியதைக் கொடாமலிருப்பவன் கலையைப் போற்றுபவனல்லன். ஆகவே, இசை நிறுவனங்களின் முறைப்பாட்டில் உண்மையுண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும். ஆராயத்தக்கது அவை கைக்கொண்ட பரிகாரமாகும்.

அப்பரிகாரம் பூட்டு. பாட்டோடு சேர்த்து ஒரு தடையும் வட்டினுள் வைக்கப்பட்டது. அத்தடையை உடைத்தலையே குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1998இல் இயற்றியிருந்தது. இத்தகைய வட்டுகள் சில வாகன ஒலிக்கருவிகளிலும் கணினிகளிலும் ஒலிக்க மறுத்தன. சொனியுடன் சேர்ந்து இறுவட்டின் தரவிதிகளை வகுத்த பிலிப்ஸ் நிறுவனமே, இவை உண்மையான இறுவட்டுகளல்ல, இறுவட்டுச் சின்னத்தை இவற்றிற் பொறித்தல் தகாது என 2002இல் கருத்துத் தெரிவித்தது. அதே ஆண்டில், சில வட்டுகளின் விளிம்போரத்தைச் சாதாரண மைப்பேனாவினாற் கறுப்பாக்கினால் பூட்டு செயலிழந்துவிடும் என்பதும் வெளியாயிற்று. பூட்டு திருடனைத் தடுக்கவில்லை, விலைகொடுத்தவனையே தடுத்தது.

2005ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனினும் பாரதூரமானது. சொனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட 52 இசைத் தொகுப்புகளின் இறுவட்டுகளில் எக்ஸ்சிபி என்னும் மென்பொருள் அடங்கியிருந்தது. விண்டோஸ் கணினியில் வட்டை இட்டதும், பாட்டைக் கேட்கவென அது ஒரு நிரலை நிறுவியது. பிரதிகளை மூன்றுக்கு மட்டுப்படுத்தியது. அத்துடன் நில்லாது, கணினியின் அடித்தளத்துள் தன்னை ஒளித்துக்கொண்டது. குறித்த சில எழுத்துக் குறிகளுடன் தொடங்கும் எந்தக் கோப்பும் கணினி உரிமையாளரின் கண்ணிற் படாதவாறு அது மறைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர் தமது கணினியிற் கண்டவற்றைப் பகிரங்கப்படுத்தினார். சில நாட்களுள், அம்மறைவிடத்தைப் பயன்படுத்தும் தீய நிரல்கள் தோன்றின. நிறுவனம் அவசரமாக வழங்கிய நீக்கும் கருவியும் புதியதொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்தது. நவம்பர் மாதத்தில் வட்டுகள் மீளப்பெறப்பட்டன; டெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபர் வழக்குத் தொடர்ந்தார். 2007இல் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பாதிக்கப்பட்ட கணினிகளைத் திருத்துவதற்கு 150 டொலர் வரை இழப்பீடு வழங்க நிறுவனம் உடன்பட்டது.

இந்நிகழ்ச்சியில் இரு மனிதரை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். ஒருவன் கடைக்குச் சென்று, விலை கொடுத்து, வட்டை வீட்டுக்குக் கொண்டுசென்றான். மற்றவன் அதே பாட்டை வலையமைப்பில் இலவசமாக எடுத்துக்கொண்டான். முன்னவனின் கணினி பழுதுற்றது. பின்னவன் அதே பாட்டை எப்பூட்டுமின்றிக் கேட்டு மகிழ்ந்தான். நேர்மைக்குத் தண்டனையும் நேர்மையின்மைக்குச் சலுகையும் வழங்கிய ஏற்பாடு இது. விலைகொடுத்தவனைக் காட்டிலும் கொடாதவன் முழுமையான பொருளைப் பெறுவானாயின், விலைகொடுக்குமாறு மக்களிடம் வேண்டும் ஒழுக்க உரிமையை விற்பவனே இழந்துவிடுகின்றான்.

கடைக்காரன் தன் கடைக்குப் பூட்டுப் போடுவதில்லையா, அதனால் வருவோரெல்லாம் கள்வர் என்று பொருளாகுமா என வினவப்படலாம். வினா நியாயமானதே. ஆயினும், கடைக்காரன் பூட்டுவது தன் கதவை. பொருளை வாங்கியவனின் பின்னாற் சென்று, அவன் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டுத் திறவுகோலைத் தன் மடியிற் செருகிக்கொள்ளும் கடைக்காரனை எவ்வூரும் பொறுத்துக்கொள்ளாது. தன்னுடையதைக் காத்தல் வேறு, பிறனுடையதை ஆளுதல் வேறு என்னும் எல்லை இங்கே மீறப்படுகின்றது.

சட்டத்திற்கும் பூட்டுக்குமுள்ள வேறுபாடும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. சட்டம் மனிதனை நோக்கிப் பேசுகின்றது. இதனைச் செய்யாதே, செய்தாற் பொறுப்பேற்க வேண்டிவரும் என்கின்றது. மீறவும் கீழ்ப்படியவும் வல்லவனாக அவனை மதிக்கின்றது. சூழ்நிலையைக் கருத்திற் கொள்ள நீதியரசருக்கு இடமளிக்கின்றது. பூட்டோ எவரிடமும் பேசுவதில்லை. பிள்ளை கீறிவிடுமென அஞ்சி ஒரு பிரதி எடுத்துவைக்கும் தாயையும், பாட்டின் ஒரு பகுதியை ஆய்வுக்கென எடுக்கும் மாணவனையும், ஆயிரம் பிரதிகள் அடித்துச் சந்தையில் விற்பவனையும் அது ஒன்றாகவே நோக்குகின்றது. தவறு செய்ய இயலாதவனின் ஒழுக்கம் ஒழுக்கமாகாது. சிறைக்கூடத்தில் களவு நிகழாமை அங்குள்ளோரின் நேர்மைக்குச் சான்றாகாது. படைப்பாளியின் உரிமையை மதிக்கும் மனப்பாங்கு மக்களிடையே வளரவேண்டுமாயின், மதிப்பதற்கும் மதியாமைக்குமான இடம் அவர்களிடம் விடப்படல் வேண்டும்.

இனி, ஒப்பந்தம் பற்றிய வாதம் எஞ்சுகின்றது. வாங்கியவன் நிபந்தனைகளை ஏற்றே வாங்கினான். அவன் பெற்றது பொருளையன்று, அனுமதியையே என நிறுவனங்கள் கூறும். இரு தரப்பும் அறிந்து உடன்பட்டவிடத்து இவ்வாதத்தை மறுத்தற்கில்லை. வாடகைக்கு விடுதல் குற்றமன்று. ஆனால் வாடகையை விற்பனை என்ற பெயரால் வழங்குதல் குற்றமாகும். 2008 ஏப்ரிலில் மைக்ரோசொப்ட் நிறுவனம், தனது எம்எஸ்என் இசைக்கடையில் மக்கள் வாங்கிய பாட்டுகளுக்கு அனுமதி வழங்கும் கணினிகளை அவ்வருட ஓகஸ்ற் மாதத்துடன் நிறுத்தவிருப்பதாக அறிவித்தது. அதன்பின் புதிய கணினியொன்றுக்கு மாறுவோர் தாம் வாங்கிய பாட்டைக் கேட்க இயலாது. எதிர்ப்பு எழுந்தமையாற் காலம் நீடிக்கப்பட்டது. அதே ஆண்டில் யாகூ இசைக்கடை மூடப்பட்டபோதும் இவ்வாறே நேர்ந்தது. அங்கு வாங்கியோருக்கு ஈடு வழங்க வேண்டியதாயிற்று. விற்றவன் கடையை மூடினால் வாங்கியவன் வீட்டில் பாட்டு நின்றுவிடுமாயின், அங்கே நிகழ்ந்தது விற்பனையன்று என்பது வெளிப்படை.

பூட்டின் பயனின்மையை ஈற்றில் வணிகர்களே உணர்ந்தனர். 2006இல் இணையவழியாகப் பூட்டுடன் விற்பனையான பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, பூட்டின்றி இறுவட்டுகளில் விற்பனையானவையோ 2,000 கோடிக்கும் அதிகம் என அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் 2007 பெப்ரவரியில் சுட்டிக்காட்டினார். முன்வாசலைத் திறந்துவைத்துச் சாளரத்தைப் பூட்டுவதற்கு இது ஒப்பாகும். 2009இல் பெரிய இசை நிறுவனங்கள் யாவும் அக்கடையிற் பூட்டின்றி விற்க இணங்கின. ஆயினும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அது வடிவம் மாறியது. இன்று அமெரிக்க இசைப்பதிவு வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், மாதச் சந்தா செலுத்தியோ விளம்பரத்தைச் சகித்தோ கேட்கும் இணையச் சேவைகளிலிருந்து பெறப்படுகின்றது. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். வாங்கிய இலக்கமுறைப் பாட்டை மீள விற்க வழிசெய்த ரீடிஜி நிறுவனத்துக்கெதிராக 2018 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1908இன் கோட்பாடு தட்டுக்கும் நூலுக்கும் பொருந்தியதுபோல் அங்கு பொருந்தவில்லை. மறுபுறம், 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியாச் சட்டமொன்று, அனுமதியை மாத்திரம் வழங்கும் வணிகர் அதனைத் தெளிவாக அறிவியாது ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்துதலைத் தடைசெய்கின்றது. சொல்லுக்குரிய பொருளைச் சொல்லிடமே மீட்டுக்கொடுக்க ஒரு சட்டமன்றம் முன்வரவேண்டியதாயிற்று.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு எளிமையானது. படைப்பாளிக்கு வாங்குபவனின் நடத்தையின் மீது நியாயமான கோரிக்கை உண்டு: தன் உழைப்பைப் பெருக்கி ஊரெங்கும் பரப்பாதே என அவன் கேட்கலாம், சட்டத்தின் துணையையும் நாடலாம். வாங்கியவனின் பொருள் மீதும் வீட்டின் மீதும் அவனுக்கு ஆட்சி இல்லை. வாங்குபவனுக்கும் கடமையுண்டு, பூட்டு அநீதியானது என்பது கொடுக்கவேண்டிய விலையைக் கொடாமலிருப்பதற்கு நியாயமாகாது. விற்பவன் விற்றதை உண்மையாகவே விற்கவும், வாங்குபவன் வாங்கியதற்கு உண்மையாகவே விலைகொடுக்கவும் வேண்டும். இவ்விரு நேர்மைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒன்றைப் பூட்டினால் காக்க முயன்றபோது மற்றையதும் சேர்ந்து சரிந்தது என்பதே கடந்த கால் நூற்றாண்டு இசை வணிகம் புகட்டும் பாடமாகும்.