அடக்கியது எங்கே போகிறது?

மனதை அடக்கு, கோபத்தை அடக்கு என்று கேட்டே வளர்கிறோம். அடக்கிய பிறகு அது என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கேள்விக்கான பாதி விடை, கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தில், கார்கள் சீறிப் பாயும் ஓர் இடத்தில் கிடைக்கிறது.

1995இல் விமான விபத்தில் மறைந்த கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே அது. பாதையின் நீளம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். சுற்று சிறியது என்பதால் வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன, பிரேக்குக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 72க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நொடிக்குள் அது கைவிட வேண்டிய ஆற்றல் 600 கிலோஜூல். ஒன்றே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ இவ்வளவு சூடு போதும். வேகம் அழியவில்லை, வெப்பமாக வேடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வளைவில் இன்னொரு 600, அதற்கடுத்ததில் மற்றொன்று.

அதில் பெரும்பகுதியை இரும்பு டிஸ்க் வாங்கிக்கொள்கிறது. பந்தய ஓட்டத்தில் அது 600 டிகிரியைத் தாண்டிச் செக்கச்செவேலென்று கனலும். ஆபத்து அங்கே இல்லை. டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கிறது. சூடு, டிஸ்க்கை உரசும் பேடு வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரமேறிய ஆயிலுக்கு விதி கேட்கும் வரம்பே 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி, குமிழி என்றால் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் அது தரை வரை போகுமே தவிர, சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. “ஆயில் கொதிச்சுருச்சுங்க” என்று மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

இதைச் சமாளிக்கும் வழிகள் எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன: டிஸ்க்கின் நடுவே காற்று புக இடைவெளி, முன்பக்கத்திலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய், பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் டைட்டானியத் தகடு. ஓட்டம் முடிந்ததும் காரை உடனே நிறுத்தாமல், பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று மெல்ல ஓட்டி ஆற விடுவார்கள். நல்ல காலிப்பர் சூட்டைச் சுமப்பதில் கெட்டியானது அல்ல, வெளியேற்றுவதில் கெட்டியானது.

அடக்குவதா, வெளியேற விடுவதா என்ற இந்த வழக்கு தமிழ் மரபுக்குள்ளேயே பழையது. ஐம்புலன்களை ஆமையைப்போல் உள்ளிழுத்துக்கொள்ளச் சொல்கிறது குறள். திருமூலரோ, ஐந்தையும் அடக்கு அடக்கு என்பவர்களை அறிவில்லாதவர்கள் என்றே சொல்லிவிடுகிறார். முற்றிலும் அடக்கினால் மனிதன் வெறும் சடமாகிவிடுவான், அடக்காமலேயே இருக்கும் அறிவைத் தாம் அறிந்ததாகத் திருமந்திரத்தில் வாதிடுகிறார். துறவியே இப்படிச் சொன்னது கொஞ்சம் துணிச்சல்தான்.

அப்படியானால் கோபத்தையும் காற்றோட்டமாக வெளியே விட்டுவிடலாமா? இங்கேதான் கார் நம்மைக் கைவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடவே செய்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் நிலை அதைவிட மேல். டிஸ்க்கின் சூடு காற்றில் கலந்தால் போயே போய்விடும். மனிதனின் சூடு வெளியேறும் வழியிலேயே புது விறகைத் தேடிக்கொள்கிறது.

வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஆழியாறுக்கு இறங்கும் ஓட்டுநருக்கு மூன்றாவது வழி ஒன்று தெரியும். சரிவு முழுக்க பிரேக்கில் காலை வைத்தே வருபவரின் ஆயில் அடிவாரத்துக்கு முன்பே கொதித்துவிடக்கூடும். அனுபவசாலி மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விடுகிறார். சேராத வேகத்தை அடக்க வேண்டியதில்லை. பேரூர் ஆதீனத்தின் முதல்வரான சாந்தலிங்கர், 17ஆம் நூற்றாண்டில் வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம் என்று இரண்டு நூல்களை வைராக்கியம் என்ற பண்புக்கென்றே எழுதினார். வைராக்கியத்தை இறுக்கிப் பிடித்த பிரேக்காகவே பலரும் நினைக்கிறார்கள். அது மலை உச்சியில் மாற்றிய கியர் என்று படித்தால் இன்னும் பொருந்துகிறது.

மின்சாரக் கார்கள் திருமூலர் கட்சிக்கு வலுச் சேர்க்கின்றன. வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, சூடாக வீணாகியிருக்கும் ஆற்றலில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு செட்டிபாளையத்தில் கூடும் ஃபார்முலா பாரத் போட்டியில் மின்சாரப் பிரிவும் உண்டு. ஆனால் இத்தகைய போட்டிகளின் பிரேக் சோதனையில் அந்தத் திருப்புதலுக்கு மதிப்பெண் இல்லை. மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெடலை மிதித்து, காலிப்பரின் பிடியில் மட்டும் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று சுழன்றாலும் கார் பந்தயத்துக்குள் போக முடியாது.