பாண்டுப் பணமும் கொடுத்த வாக்கும்

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். இரண்டு ஏக்கர் நன்செய் நிலத்தை ஈடுவைத்து மகனை விமானியாக்கியவர் அவர். மகன் இப்போது ஒரு நிறுவனத்தில் துணை விமானி. ஐந்தாண்டுகள் பணிபுரிவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறான், இரண்டாண்டுகளே முடிந்துள்ளன. வேறொரு நிறுவனம் கூடுதல் ஊதியத்துக்கு அழைக்கிறது. ஒரு மாதத்துக்குள் வந்து சேர வேண்டுமாம். "பாண்டுப் பணத்தைக் கட்டிவிட்டுத்தானே சாமி போகிறான்? அதிலே பாவம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அவருடைய இசைவுடன் அந்த வினாவை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கே பல இலட்சங்கள் கரைந்துவிடுகின்றன. உரிமம் கைக்கு வந்த பின்னரும் ஏர்பஸ் 320 போன்ற விமானத்தை ஓட்டிவிட முடியாது. அந்த வகை விமானத்துக்கென்றே தனித் தகுதி பெற வேண்டும். அதை 'டைப் ரேட்டிங்' என்பர். வகுப்பறைப் பாடம், தரையிலேயே நிற்கும் சிமுலேட்டர் கூண்டுக்குள் பயிற்சி, பின்னர் மூத்த விமானியின் கண்காணிப்பில் பயணிகளோடு பறத்தல் என்று அது நீளும். இச்செலவை நிறுவனம் ஏற்கும்போது, 'இத்தனை ஆண்டுகள் எம்மிடம் பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறது. பெற்ற தகுதியோ விமானியின் உரிமத்தில் பதிவாகி, அவர் எங்கே சென்றாலும் உடன் செல்கிறது. விதைநெல் கொடுத்தவன் களத்துமேட்டில் பங்கை எதிர்பார்த்தால் அதை அநீதி என்று நாம் சொல்லிவிட முடியாது.

வாக்குறுதி காக்கப்பட வேண்டும், உடன்படிக்கை நிறைவேற்றப்பட வேண்டும் என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது. ஆனால் அதில் ஏற்ற கடமைகள் எந்த அளவுக்கு அறநெறிக்கு ஒத்தவையோ, அந்த அளவுக்கு என்றும் சேர்த்தே சொல்கிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் நுணுகிப் பார்க்கிறார். வாக்களித்தபோது இருந்த நிலை மாறிவிட்டால், வாக்குத் தவறியவனைக் குற்றவாளி எனக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்துமுன், அதன் விமானிகளுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. அந்நிலையில் விலகியவரை எந்தப் பத்திரத்தைக் காட்டித் தடுப்பது? அதேவேளை, அடுத்த நிறுவனம் கூடுதலாகத் தருகிறது என்பது நிலை மாறியதாகாது. அது ஆசை மாறியதே ஆகும்.

பாண்டு எழுதி வாங்குவோரிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சிச் செலவை இளைஞனே கடன்பட்டுச் செலுத்தியிருந்தால், அவனை ஆண்டுக்கணக்கில் கட்டிவைப்பது எதற்கு ஈடாக? ஆறு மாதத்துக்கொருமுறை சிமுலேட்டரில் நடக்கும் தேர்வுச் செலவையும் அவன் கணக்கில் எழுதினால், அது கொத்தனாரிடம் கரண்டிக்கு வாடகை கேட்பதற்கு நிகர். ஐந்தாண்டில் நான்கு உழைத்தவனிடமும் நான்கு மாதம் உழைத்தவனிடமும் ஒரே தொகையைக் கேட்பது கடனை மீட்பதன்று, அச்சுறுத்துவது. நம் பெரியோர் சிங்கராயர் என்றழைத்த திருத்தந்தை 13-ஆம் லியோ, 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதன் வேரைத் தொட்டார். வேறு வழியின்றிக் கொடிய நிபந்தனைக்கு உடன்படும் தொழிலாளி வன்முறைக்கு ஆளானவனே என்றார். கையெழுத்து இருக்கிறது என்பதால் மட்டும் நீதியும் இருக்கிறது என்றாகிவிடாது.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே நடக்கிறது. பத்திரத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடே பெறலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்கு முன் விலகும் அலுவலர் இரண்டு இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது.

ஆகவே பணத்தைப் பொறுத்தவரை அந்தப் பெரியவரின் மனம் அமைதி கொள்ளலாம். நியாயமான தொகையைச் செலுத்தினால் பரிமாற்று நீதி நிறைவேறுகிறது. நம்மை உறுத்தியது அந்த 'ஒரு மாதம்'. விலகும் கேப்டன் ஓராண்டுக்கு முன்பும், துணை விமானி ஆறு மாதத்துக்கு முன்பும் அறிவிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2017-இல் விதித்தது. விமானிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்தின் விமானிகள் 43 பேர் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமலே விலகினர் என்றும், விமானங்களை ரத்துசெய்ய நேர்ந்தது என்றும் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் முறையிட்டது. ரத்தாகும் ஒவ்வொரு விமானத்தின் பழியையும் விமானியின் தலையில் போடவும் கூடாது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதற்கு, விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கேற்ப நிறுவனம் முன்கூட்டித் திட்டமிடாததே பெருங்காரணம். எனினும், தாயின் அடக்கத்துக்குப் போகப் பயணச்சீட்டுடன் நிலையத்தில் நிற்பவனுக்கு யார் பாண்டுப் பணம் கட்டுவது?

தொடக்க நூலில் யாக்கோபு இருபது ஆண்டுகள் லாபானிடம் உழைத்தார். அவருடைய கூலியைப் பத்துமுறை மாற்றிய முதலாளி லாபான். யாக்கோபு புறப்பட்டதில் அநீதி இல்லை. கடவுளே போகச் சொன்னார். ஆனால் லாபான் ஆட்டுக்கு உரோமம் கத்தரிக்கப் போன நேரம் பார்த்து, சொல்லாமல் புறப்பட்டார். ஏழு நாள் துரத்திவந்து பிடித்த லாபான் என்ன கேட்டான்? ஏன் என்னிடம் சொல்லாமல் போனாய், என் மக்களை முத்தமிட்டு அனுப்பவும் விடவில்லையே என்று கேட்டான். பேராசைக்காரன்தான், ஆயினும் அந்தக் கேள்வி நியாயமானது.

நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் இடையில் விலகிச் சென்றோர் பலர். மறைமாவட்டம் அவர்களுக்காகச் செலவிட்டது குறைவன்று. ஆனால் எவரிடமும் கணக்கு நீட்டவில்லை. ஏறத்தாழ எல்லாரும் அதிபர் தந்தையிடம் சொல்லி, ஆசி பெற்றுச் சென்றனர். ஒருவர் மட்டும் இரவோடு இரவாகப் போய்விட்டார். காலையில் அவருடைய படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதிபர் தந்தை அன்று சிற்றாலயத்தை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. செலவுப் பணத்தை எண்ணி அவர் வருந்தியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னோம். இரு நாள் கழித்து மகனே தொலைபேசியில் அழைத்தான். "ஃபாதர், நிறுவனம் என்னை நீக்குவதானால் ஒரு மாத அறிவிப்பு போதும் என்று அதே பத்திரத்தில் இருக்கிறது. நான் மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?" என்றான். அது சமமற்ற நிபந்தனை என்பதை ஒப்புக்கொண்டோம். ஆனால் அதை எழுதியவர்கள் உன் விமானத்தில் ஏறுகிறவர்களும் அல்லர், உனக்காகக் கூடுதல் நேரம் பறக்கப்போகும் உன் தோழனும் அல்லன் என்றோம். சற்றுநேரம் மறுமுனையில் பேச்சில்லை.

பின்னர் இரு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறான். தன் இடத்துக்கு வேறொருவர் ஆயத்தமாகும்வரை, மூன்று மாதமேனும் இருந்துவிட்டுப் போக விடும்படி பழைய நிறுவனத்தை வேண்டியிருக்கிறான். அதுவரை பொறுக்கும்படி புதிய நிறுவனத்தைக் கேட்டிருக்கிறான். இரண்டிடமிருந்தும் இன்னும் பதில் வரவில்லை என்று போன ஞாயிறு பெரியவர் சொன்னார்.