நனையாத மெத்தை

மனித வாழ்வின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று ஒத்தவை. பிறந்த குழந்தை தன்னை அறியாமல் துணியை நனைக்கிறது. தளர்ந்த முதியவர் தம் கட்டுக்குள் அடங்காமல் படுக்கையை நனைக்கிறார். முன்னதைக் கண்டு சிரித்து மகிழும் நாம், பின்னதைக் கண்டு முகம் சுளிக்கிறோம். ஈரம் ஒன்றுதான், நம் நெஞ்சம் மட்டும் ஏன் இரண்டாகிறது? குழந்தைக்கு நாணம் இல்லை, முதியவருக்கு உண்டு. அப்படியானால் நம் கனிவு முதியவரிடத்தன்றோ மிகுதியாக இருத்தல் வேண்டும்?

இன்று மருந்துக் கடைகளில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் உறிஞ்சு விரிப்புகள் கிடைக்கின்றன. நோயாளியின் கீழே விரித்தால் மெத்தை நனையாது. இவ்விரிப்பு ஒழுக்கவியல் கட்டுரைக்குரிய பொருளா என்று சிலர் வினவலாம். உரியதே என்பது என் கருத்து. நாம் எதைக் காக்க முற்படுகிறோம் என்னும் வினாவை அது நம் முன் வைக்கிறது.

இத்தகைய விரிப்புக்கு முன்னோடி நம் நாட்டு மக்கள் நன்கறிந்த ரப்பரே. 1823இல் சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர், இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி நீர் புகாத துணி செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மருத்துவமனைகளின் ரப்பர் விரிப்புக்கே அவர் பெயர் நிலைத்தது. ரப்பர் மெத்தையைக் காத்தது; ஆனால் ஈரத்தை உறிஞ்சவில்லை. நோயாளி வியர்வையிலும் சிறுநீரிலும் கிடக்க நேர்ந்தது. இன்றைய விரிப்போ அடுக்குகளாக அமைந்தது. மேலே மெல்லிய துணி போன்ற படலம். நடுவே மரக்கூழ்ப் பஞ்சு. அடியில் நீர் புகாத பிளாஸ்டிக். சிலவற்றில் பஞ்சோடு, நீரை உறிஞ்சிக் கூழாக மாறும் பொடியும் கலந்திருக்கும். அப்பொடி தூய நீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்ச வல்லது. உப்புக் கலந்த சிறுநீரை அவ்வளவு உறிஞ்சாது. அறிவியலின் இந்தக் கொடை போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை.

எனினும், கொடை நன்மையாவதும் தீமையாவதும் கொள்பவன் மனத்தைப் பொறுத்தது. இதனை நான் நூலில் கற்கவில்லை.

என் தாயார் இளமை முதல் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். உறிஞ்சு விரிப்புகளை வாங்கி வந்து விரித்தேன். மெத்தை நனையவில்லை, என் மனமும் அமைதியுற்றது. இரவில் எழுந்து பார்ப்பதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டேன். ஒருநாள் வீட்டிற்கு வந்த தாதி, தாயாரைப் புரட்டிப் பார்த்தார். இடுப்பின் அடியில் தோல் சிவந்து கன்றியிருந்தது. ஈரம் தோலை ஊறச் செய்யும். ஊறிய தோல், புரளாமல் கிடக்கும் உடலின் அழுத்தத்தால் எளிதில் புண்ணாகும். "மெத்தையை நன்றாகத்தான் காப்பாற்றியிருக்கிறீர்கள், சார்" என்றார் அவர். நான் தலைகுனிந்து நின்றேன். தாயாரோ என் முகத்தைப் பார்த்து, "மெத்த நனையலியே தம்பி?" என்று கேட்டார்.

அவ்வினா இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. தம் புண்ணைவிட என் மெத்தையைப் பெரிதாக அவர் எண்ணினார். அப்படி எண்ணும்படி அவரைப் பழக்கியவன் யார்? பின்னரே மற்றொன்றும் தெரிந்தது. எனக்குத் தொல்லை தரலாகாது என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். அதனால் உடல் வறண்டு, மலம் கட்டி, சிறுநீர்த் தொல்லை மேலும் மிகுந்தது. சிறுநீர்ப்பாதைத் தொற்று, மலச்சிக்கல், நீரிழிவு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இக்குறை தோன்றலாம். அவற்றுட் பல தீர்க்கக்கூடியவை. விரிப்பு வந்துவிட்டதென்று மருத்துவரை மறந்ததும் என் பிழையே.

அப்படியானால் விரிப்பையே விலக்கிவிடலாமா? விலைகொடுத்து வாங்கிய பொருளால் தாய்க்குத் தொண்டு செய்வது அன்பின் குறைவு என்பாரும் உளர். பழைய துணியைக் கையால் துவைப்பதே பிள்ளையின் கடமை என்று அவர்கள் கூறுவர். ஆனால், நள்ளிரவில் அத்துணியைத் துவைப்பவர் யார்? பெரும்பாலும் மருமகள், அல்லது மகள். கடமையைப் போற்றிப் பேசும் ஆண்மகன் உறங்கிக்கொண்டிருப்பான். பிறர் கையின் உழைப்பில் தன் அறத்தை நாட்டிக்கொள்வது அறமாகாது. குப்பை பெருகும் என்பது மெய்யே; துவைத்துப் பயன்படுத்தும் விரிப்புகளும் உள்ளன. இயன்றவர் அவற்றைக் கொள்ளலாம். ஆயினும், விரிப்பு மிச்சப்படுத்தும் நேரத்தை நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்பதே அடிப்படை வினா. அந்நேரம் தாயைப் புரட்டிப் படுக்க வைக்கவும், தோலைத் துடைத்து உலர்த்தவும், ஒரு குவளை நீர் கொடுத்து அருகில் அமரவும் பயன்படின் விரிப்பு அறத்தின் கருவி. உறங்குவதற்கு மட்டும் பயன்படின் அது நம் மனச்சான்றுக்கு இட்ட போர்வை.

சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தம்மைத் தாமே பேண இயலாத, அறுபது வயது நிறைந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பொருளுதவி கோர அது வழிசெய்தது. சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். நள்ளிரவில் எழுந்து பார்க்கும் கண்ணைப் பெற்றுத் தருமா? வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்காக வகுத்தார். அந்த நான்காமவரின் இடத்தை எந்தப் பொருளும் நிரப்ப இயலாது.

ஆசிரிய நண்பர்களே, முதலாம் ஆண்டு வகுப்பில் சிறுவன் ஒருவன் இருக்கையை நனைத்துவிட்டு மருண்டு விழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். நல்லாசிரியர் முதலில் நாற்காலியைப் பார்ப்பதில்லை. பிற மாணவர் நகையாடுமுன் அவனை வெளியே அழைத்துச் சென்று, உடைமாற்றி, ஒன்றும் நடவாததுபோல் திரும்ப அமர்த்துகிறார். ஈரத்தைத் துடைப்பது பிறகுதான். வகுப்பறையில் நாம் அறிந்த இவ்வறத்தை வீட்டிற்கும் கொண்டு செல்வோம். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவர் படுத்திருப்பின், இன்று மாலை அவர் அருகில் சென்று, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.