ஒரு பதவிக்கு இருவகைப் பரீட்சை

ஒரு பதவிக்கு இருவர் விண்ணப்பஞ் செய்தவிடத்து, ஒருவரை ஒருவகையாலும் மற்றவரைப் பிறிதொருவகையாலும் நேர்முகப் பரீட்சை செய்தல் நீதியாகுமா என்னும் வினா, பாடசாலைகளோடு தொடர்புடைய நம்மனோர்க்குப் புதிதன்று. ஆயினும் அதனை நாம் நின்று ஆராய்ந்தோமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சபையொன்றின் அறநெறிப் பாடசாலைக்கு ஆசிரியர் தெரியும் குழுவில் நாமும் இருந்தோம். முதலில் வந்தவர் அவ்வூரவர். அவர் தந்தையாரைக் குழுவினர் யாவரும் அறிவர். தேநீர் அருந்தியவண்ணம் குடும்பநலமும் கோயிற் றிருவிழாவும் பேசினோம். கால்மணி நேரத்தில் நல்ல பிள்ளையென்று மனத்துள் எழுதிக்கொண்டோம். அடுத்து வந்தவர், வன்னியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த இளம் பெண்மணி. அவரை ஒருவரும் அறியார். ஆதலால் திருவிளையாடற் புராணத்தைக் கையிற் கொடுத்து, ஒரு செய்யுளை அவ்விடத்தே படித்துப் பதவுரை கூறுக என்றோம். ஒரு சொல்லிலே தடுமாறினார். பதவி முன்னவர்க்கே போயிற்று. முன்னவர் அச்செய்யுளைப் படித்திருப்பின் எத்தனை சொல்லிலே தடுமாறியிருப்பாரென்று அன்று நாம் நினைத்தோமில்லை. ஒருவரிடத்து அறிந்தது குடும்ப வரலாறு. மற்றவரிடத்து அறிந்தது கல்வி. இவ்விரண்டையும் ஒரு துலாக்கோலில் வைத்து நிறுத்ததாக மயங்கினோம். வஞ்சகம் நினைந்து செய்தோமல்லேம். அதனாலேயே குற்றம் நம் கண்ணிற் படவில்லை.

அற்றேல், யாவரையும் ஒரே வினாவை ஒரே வகையாற் கேட்டல் போதுமே எனின், அதுவும் முற்றும் பொருந்தாது. கண்பார்வையற்ற பண்டிதர் ஒருவர்முன் அச்சுப் புத்தகத்தை நீட்டுதல் சமத்துவமாகுமா? அவர்க்குச் செய்யுளைப் படித்துக் காட்டிப் பொருள் வினாவலே முறை. இங்கே வகை வேறாயினும் அளக்கப்படுவது ஒன்றே. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திற் பெருகிய காணொளிப் பரீட்சையோ அத்தன்மையதன்று. ஒருவர் நேரிலிருந்து உரையாட, மற்றவர் அறுந்தறுந்து வருங் குரலோடு திரையிலே தோன்றுவாராயின், அவர் கல்வியோடு அவரூர் இணைய இணைப்பும் உடனளக்கப்படுகின்றது.

ஆசாரியர் மாணாக்கரது பக்குவம் நோக்கிச் சமயம், விசேடம், நிருவாணம் எனத் தீக்கையை வேறுவேறாக அருளுகின்றாரன்றோ. சத்திநிபாதமும் மந்ததரம் முதலாக நால்வகைப்படுமன்றோ. தக்கார்க்குத் தக்கவாறு பரீட்சித்தலிற் குற்றம் யாதென்று அன்பரொருவர் நம்மை வினாவினார். வினா நன்று. நெடுநாள் விடை காணாதிருந்தோம். தீக்கையில் ஒருவர் பெறுவது மற்றவரிடமிருந்து எடுக்கப்படுவதன்று. சமயதீக்கை பெற்றவர் பின்னர் விசேடமும் பெறலாம், வாயில் அடைபடவில்லை. பதவியோ ஒன்று, ஒருவர் பெற மற்றவர் இழக்கின்றார். அன்றியும், ஆசாரியர் பக்குவத்தை அறிந்து அதற்கேற்ப அருளுகின்றார். நாமோ அறியாமையினாலேயே பரீட்சை செய்கின்றோம். அறியாததை அறிந்ததாகக் கொண்டு பரீட்சையை வேறுபடுத்தல், விடையை எழுதிவைத்துக்கொண்டு வினாவுதலாய் முடியும்.

முகதாட்சணியத்தின் வலியை முன்னோர் நன்கறிந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களுள் 921 ஆம் ஆண்டுக்குரியது, வாரியத்துக்கு உரியார் வயது 35 முதல் 70 வரையென்பதையும் பிற தகுதிகளையும் முன்னர் விதித்து, அதன்பின்னரே பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பிக்கின்றது. அத்தகுதிகளுள் நிலமுடைமையும் ஒன்றாதலின் யாவும் நமக்கு உடன்பாடல்ல. ஆசிரியரைக் குடவோலையால் எடுத்தலுங் கூடாது. எனினும், ஆளைக் காணுமுன் தகுதியை எழுதிவைத்தல் கொள்ளத்தக்கது.

1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றபின் நியமனம் நங் கையிலில்லையே என்பர் சிலர். சபைகள் நடாத்தும் அறநெறி வகுப்புக்களுக்கும் பண்ணிசை வகுப்புக்களுக்கும் ஆசிரியரைத் தெரிபவர் யார்? அடுத்த முறை அக்குழு கூடியபோது, கற்பிக்கவேண்டிய பாடத்தை ஒரு வாரத்துக்கு முன்னரே எல்லார்க்கும் அறிவித்து, பிள்ளைகள் முன் அதனையே நடாத்தச் செய்து, புள்ளித்தாளும் முன்னரே வகுத்தோம். விண்ணப்பகாரரை அறிந்தவர் புள்ளியிடாது விலகுக என்றும் விதித்தோம். சிற்றூராதலின் அவ்விதிப்படி ஏறத்தாழ எல்லாரும் விலகவேண்டியதாயிற்று. அயலூர் ஆசிரியர் இருவரை அழைத்தே அன்றைய காரியத்தை முடித்தோம்.