முதலை வாயிலிருந்து மீட்டுக் காட்டு!

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு எத்தனை முறை போயிருப்பாய், தம்பி? கல் தேர்ச் சக்கரத்தோடு செல்ஃபி எடுத்திருப்பாய். அடுத்த முறை கொஞ்சம் குனி. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கோயிலில், கருவறைச் சுவரின் அடியில், சின்னச் சின்னச் சிற்பங்களாக நாயன்மார் கதைகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றில் முதலை வாய் பிளந்து கிடக்கிறது. விழுங்கிய பிள்ளை வெளியே வந்துகொண்டிருக்கிறான். அவிநாசியில் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட பிள்ளை.

உன் ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் இப்படித்தான் விழுங்கும். அப்பாவின் குரல், பட்டா ஸ்கேன், மதிப்பெண் பட்டியல், தறிக்குப் போட்ட டிசைன் எல்லாமே உள்ளே போய்விடும். அன்றைக்குப் பதிகம் பாட யார் வருவார்? நீதான் சுந்தரர்!

"எல்லாத்தையும் டி டிரைவில் போட்டிருக்கேன், பத்திரம்" என்கிறாய். பல கணினிகளில் சியும் டியும் ஒரே டிஸ்க்கில் தடுத்த இரண்டு அறைகள். வீடே இடிந்தால் நடுச்சுவரா காப்பாற்றும்?

"அப்பப்போ காப்பி பண்ணிடுவேன்." சரி, கடைசியாக எப்போது? தை மாதம்? இந்தத் தையா, போன தையா? சிரிக்காதே, நானும் அப்படித் தள்ளிப்போட்டு, ஒருநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தவன்தான். ஞாபகத்தை நம்பாதே. வேலையை இயந்திரத்திடம் ஒப்படை!

"எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ எந்த ஊர்? பட்டுத்தறி ஓடும் ஊர்! ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டையைப் போய்ப் பார். ஓட்டை இருந்தால் பாவு நூல் எழும், இல்லாவிட்டால் கிடக்கும். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்துகாட்டிய தறியின் இந்த அட்டைதான், பிற்பாடு கணினிக்குக் கட்டளை கொடுத்த துளை அட்டைக்கு முன்னோடி. முந்தானையில் வரும் அன்னத்தை உன் தாத்தா ஒவ்வொரு புடவைக்கும் நினைவிலிருந்தா நெய்தார்? ஒருமுறை அட்டை கட்டினார்; மிதிக்க மிதிக்க அன்னம் விழுந்தது. நீயும் ஒரே ஒரு முறை அட்டை கட்டு, போதும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகு. விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி'யைத் திறந்து 'டர்ன் ஆன்' கொடு. மணிக்கு ஒருமுறை, மாறிய கோப்புகளை மட்டும் அது எடுத்து வைக்கும். பழைய பிரதிகளும் இருக்கும். ஒன்று கவனி: டி டிரைவில் நீ போட்டிருக்கும் ஃபோல்டரை அது தானாக எட்டிப் பார்க்காது. லைப்ரரியில் சேர்த்துவிட வேண்டும். மேக் என்றால் 'டைம் மெஷின்'. லினக்ஸ்காரர்களுக்கு நான் பாடம் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு டிஸ்க்கோடு நின்றுவிடாதே. எந்நேரமும் செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஒரே அறைக்குள் பூட்டிக் கிடந்து கறையானுக்கு இரையான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலாம் இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தபோது மிஞ்சியது கொஞ்சம்தான் என்கிறது மரபு. அதனால் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கு. மாதம் ஒருமுறை நிரப்பி, கும்பகோணத்து அத்தை வீட்டுப் பீரோவில் வை. அதற்கு மட்டும் போனில் அலாரம் வைத்துக்கொள். அத்தைக்கும் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இன்றிரவே செய். பிரதி ஏறி முடிந்ததும், வாட்ஸ்அப்பிலிருந்து கணினியில் சேமித்து, பிரதியிலும் ஏறிய காலை வணக்கப் படம் ஒன்றை வேண்டுமென்றே அழி. பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து அதை மீட்டு எடு. பிள்ளை வெளியே வருகிறானா, பார்!