‘நொவேல்’ என்னும் சொல்



சேசு பாலன் பிறந்த திருநாளில் ‘நொவேல்’ என்று பிரெஞ்சு மொழியில் வாழ்த்துச் சொல்லும் குடும்பங்கள் நமது புதுச்சேரியில் உண்டு. யாழ்ப்பாணத்தார் ‘நத்தார்’ என்பார்கள். அது போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்பதிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தாய் இலத்தீன் மொழியின் ‘நத்தாலிஸ்’. அதாவது பிறந்த நாள்.

ஆனால் திருச்சபை, வேதசாட்சிகள் உயிர் துறந்த நாளுக்கும் இதே சொல்லை வழங்கி வந்திருக்கிறது. இறந்த நாளைப் பிறந்த நாள் என்பானேன்? உலகத்துக்கு இறந்தவர்கள் அன்றே மோட்சத்துக்குப் பிறந்தார்கள் என்பதால்.

ஆகையால் இச்சொல் நம்மையும் ஒரு கேள்வி கேட்கிறது. குடில் ஜோடித்து, புது வஸ்திரம் உடுத்தி, நடுச்சாமப் பூசைக்குப் போகிறோம். பாகத் தகராறில் பேசாதிருக்கும் சகோதரனைக் கோவில் வாசலில் கண்டும் காணாதவர்போல் திரும்புகிறோம். அப்படியானால் அன்று நம்மிடத்தில் பிறந்தது யார்?

‘தப்பு அவன்மேல், முதலில் அவனே வரட்டும்’ என்போம். அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் குற்றம் செய்தது மனுக்குலம். முதலில் இறங்கி வந்தவரோ தேவசுதன்.

நமது வீம்பு சாகாமல் பாலன் பிறக்க இடமில்லை. இவ்வருஷம் பலகாரத் தட்டு முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும். கூடுமானால் நீங்களே கொண்டுபோங்கள்.